சித்தி கொண்டு வந்த சீனிப் பொம்மை

"ஷெல் குத்திட்டான்! படுங்கோ!"

படுக்கிறோம். கரையோர ஒழுங்கை. வாய்க்குள் மணல். யாழ்ப்பாணக் கோட்டைக்குள் ஷெல் கிளம்பும் சத்தம், 'டும்'. பிறகு தலைக்கு மேலே கூவல். பிறகு எங்கோ விழும். இந்த இடைவெளியை நம்பித்தான் குருநகரில் உயிரோடு இருந்தோம். 1990, ஆனி மாதம். பேச்சு முறிந்து சண்டை மூண்ட முதல் நாட்கள். கோட்டைக்குள் ஆமி. சுற்றிவர இயக்கப் பொடியள். நடுவில் நாங்கள்.

என் கையில் றீற்றா, ஆறு மாதம். முன்னால் தங்கச்சி எலிசா. பின்னால் என் கணவர் ஜோசப். எழும்பி ஓடுகிறோம். அடுத்ததற்குக் கூவல் இல்லை. கிளம்பியதும் விழுந்ததும் ஒரே சத்தம். அவ்வளவு கிட்ட.

எலிசா விழுந்து கிடந்தாள். வயிற்றில் இரத்தம். ஜோசப் அவளைத் தூக்கினார். ஆசுபத்திரி கோட்டைப் பக்கம். நாங்கள் ஓடிவந்த பக்கம்.

"நீ பிள்ளையோடை ஓடு! நான் வாறன்!"

ஓடினேன்.

எலிசாவை ஆசுபத்திரியில் கண்டவர்கள் இருக்கிறார்கள். அடுத்த நாள் புதைத்தவர்களும் இருக்கிறார்கள். அவளைக் கொண்டுபோன ஜோசப்பை ஒருவரும் காணவில்லை. நான் விசாரிக்காத முகாம் இல்லை. கும்பிடாத கோயில் இல்லை.

இப்போது 1996. இத்தாலியின் பலெர்மோ நகரம். போர்கோ வெக்கியோ பகுதியில் ஓர் அறை. சினோரா என்று நான் கூப்பிடும் இத்தாலியப் பெண்ணின் வீட்டில் வேலை. இன்று நவம்பர் இரண்டு, மரித்தோர் நாள். இந்த ஊரில் இன்று செத்தவர்கள் தங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சீனிப் பொம்மை கொண்டுவருவார்களாம். போன வருடம் வகுப்பில் றீற்றாவுக்கு மட்டும் ஒன்றுமில்லை. அழுதுகொண்டு வந்தாள். அதனால் நேற்று வுச்சீரியா சந்தைக்குப் போனேன். எங்கு பார்த்தாலும் வாள் பிடித்த வீரர்கள். எனக்குப் பிடிக்கவில்லை. தேடித் தேடி ஒரு நடனக்காரியை வாங்கித் தலைமாட்டில் வைத்தேன்.

விடிய எழும்பினாள்.

"கே பெல்லா! என்ன வடிவு! அம்மா, அப்பா கொண்டு வந்தவரோ?"

ஓம் என்றால் பிள்ளையின் முகம் மலரும். ஓம் என்றால் அவர் செத்தவர்.

"இல்லையடி. சித்தி கொண்டு வந்தவா."

"அப்பா ஏன் வரேல்லை?"

"இண்டைக்கு அவருக்கு வரேலாது. இது செத்த ஆக்களின்ரை நாள்."

கோட்டைச் சண்டையில் நாங்கள் இழந்தவை: வீடு. வள்ளம். வலைகள். செத்தவர் ஒருவர். எலிசா, வயது பத்தொன்பது.

ஜோசப்பை இதில் ஒருவரும் சேர்க்க வேண்டாம்.