கூரை தூங்கட்டும்!

மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலி பிடிப்பதில் நிகரற்ற எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவர் அவர்களே! எவர் பேசினாலும் முதல் கைதட்டலைத் தொடங்கிவைக்கும் செயலாளர் அவர்களே! முழங்கால் வலியோடும் முகமலர்ச்சியோடும் முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா என்ற யோசனையோடே அமர்ந்திருக்கும் தாய்மார்களே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

நாளைக் காலை நம் நாற்பது வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரைகளையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, வெள்ளையடித்து, வெயிலை விரட்டப் போகிறோமாம். அதோ, மேசைமேல் மூட்டை பிரிக்காத நாற்பது பிரஷ்கள். முதல் பிரஷ்ஷை வழங்கத்தான் என்னை அழைத்தார்கள். வந்துவிட்டேன். ஆனால் வழங்க வரவில்லை, வேண்டாம் என்று சொல்ல வந்திருக்கிறேன்!

தலைவர் தண்ணீர் குடிக்கிறார். பயப்படாதீர்கள் ஐயா, மைக்கைத் திருப்பித் தந்துவிடுவேன்.

போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் வெள்ளோட்டம் பார்த்தார். ஓர் ஆணி அடிக்க ஆறு மாதம் எடுப்பவர், அன்று அழைக்காமலே ஏணி ஏறினார். அரைமணி நேரம் தேய்த்தார். இறங்கியபோது தலையில் வெள்ளை, மீசையில் வெள்ளை.

"பாத்தியா, எப்படி மாவா உதிருது! அவ்வளவும் அழுக்கு!"

"அழுக்கு கறுப்பால்ல இருக்கும்? இது ஏங்க வெள்ளையா இருக்கு?"

"காலேஜ் படிச்சா எல்லாத்துக்கும் ஒரு கேள்வி!"

சொல்லிக்கொண்டே எங்கள் பத்து மாத மகளைத் தூக்கக் கை நீட்டினார். அவளோ அந்த வெள்ளை மீசையைப் பிடிக்கச் சிரித்துக்கொண்டே தாவினாள். நான் பின்னால் இழுத்துக்கொண்டேன். "மொதல்ல குளிச்சிட்டு வாங்க!"

சிரிக்கிறீர்கள். மூன்றாம் வரிசையில் தலையைக் குனிந்திருக்கிறாரே, அவரேதான்!

மறுநாள் நம் பெயின்டர் அண்ணனைக் கேட்டேன். "ஷீட்டுல நான் பிரஷ் வைக்க மாட்டேன்மா. என்கூட வேலை பாத்தவன் இருபது வருஷம் பழைய ஷீட்ட தேய்ச்சான், அறுத்தான். இப்ப நாலு படி ஏறினா மூச்சு வாங்குது அவனுக்கு."

"இத ஏண்ணே கூட்டத்துல சொல்லல?"

"என்னை யாரும்மா கேட்டா? பிரஷ் வாங்கின பிறகுதான கூப்பிட்டாங்க!"

ஆஸ்பெஸ்டாஸுக்குத் தமிழில் கல்நார்! கேட்க எவ்வளவு கம்பீரமான பெயர்! சிமென்ட்டுக்குள் கட்டுண்டு கிடக்கும்வரை அது சாது. தேய்த்தால், துளைத்தால், அறுத்தால், கண்ணுக்குத் தெரியாத நாராய்க் காற்றில் ஏறும், நுரையீரலில் குடியேறும். வாடகையும் தராது, காலியும் செய்யாது! நோய் வெளியே தெரியவோ பல பத்தாண்டுகள் ஆகும். வெயிலை விரட்ட வினையை வீட்டுக்குள் விடுவதா? வெளுத்த கூரைக்காக வெளுத்த முகங்களா?

தையல்கார அக்கா எழுந்துவிட்டார். "அப்போ இத்தனை வருஷமா இதுக்குக் கீழதானே படுக்குறோம், எல்லாம் போச்சா?"

போகவில்லை அக்கா, உட்காருங்கள்! உடையாத கூரையை உரசாமல் விட்டால் ஆபத்து மிகக் குறைவு. அது தூங்கட்டும், நாமும் தூங்குவோம். உடைந்திருந்தால் துடைப்பத்தைத் தூக்காதீர்கள். தண்ணீர் தெளித்து, பிள்ளைகளை அப்பால் அனுப்பி, முறை தெரிந்தவரை அழையுங்கள். பெயின்ட்டா? தேய்க்காமல் அடிக்கத் தெரிந்தவர் வரட்டும்.

கேலி பேசுகிறேனே தவிர, அந்த அரைமணி நேரத்தில் என் மகள் எவ்வளவு தூசியைச் சுவாசித்தாள் என்று எனக்குத் தெரியாது. "கொஞ்ச நேரம்தானே, கவலைப்படாதே" என்கிறார்கள். சரி, ஒரு கூரை, ஓர் அரைமணி நேரம், மனதைத் தேற்றிக்கொள்கிறேன். ஆனால் நாளை? நாற்பது கூரை! நாற்பது பிரஷ்! ஒரே காற்று! அந்தக் காற்றில் தவழப்போவது யார் பிள்ளை? என் பிள்ளையா? உங்கள் பிள்ளையா? காற்றுக்குக் கதவு எண் தெரியுமா?

"அப்போ இந்த நாப்பது பிரஷ்ஷ என்னம்மா பண்றது?" என்கிறார் தலைவர்.

வீட்டுக்கு ஒன்று வழங்குவோம் ஐயா, ஆண்கள் கையில்! அடிப்பிடித்த பாத்திரங்கள் ஏராளமாய்க் காத்திருக்கின்றன. முதல் பிரஷ் மூன்றாம் வரிசைக்கு. வாங்க, வெட்கப்படாம வந்து வாங்கிக்கங்க!

நாளை ஏணி எடுப்பதில்லை என்போர் கை உயர்த்துங்கள். பெயின்டர் அண்ணா, முதல் கை உங்களுடையதா? அக்கா, இரண்டு கையுமா? தலைவரே... ஆகா, தலைவரும்!

உயர்ந்த கைகளுக்கெல்லாம் ஒரு தாயின் நன்றி. நிம்மதியாய் வீடு திரும்புங்கள். வணக்கம்!