பொடியள் என்ற சொல்

கசெற்றை வெயில் படும் இடத்தில் வைக்காதீர்கள். நாடா இளகினால் குரல் தொய்ந்துவிடும். முதல் பதிவு என்னிடம்தான் இருக்கிறது. இது நானே எடுத்த பிரதி.

‘கால் போன கதிரை’ என்ற இசைக்குழுவை ஏழு வருடம் கழித்தும் ஏன் தேடிக் கேட்கிறார்கள் என்று கேட்டீர்கள். ஒன்பது பாட்டோடு அவர்கள் நின்றுவிட்டதுதான் காரணம். பத்தாவது பாட்டு இல்லை.

மூன்று பேர். யாழ்ப்பாணத்திலிருந்து படிக்க வந்து குண்டசாலையில் அறை எடுத்திருந்த யோகேந்திரன் பாடினார். கம்பளை ஊர்க்காரர் லாபிர் நான்கே தந்தி உள்ள கிற்றார் வாசித்தார். தேவராசா பிஸ்கற் டின்னில் தாளம் போட்டார். பதிவுப் பொத்தானை அழுத்துவது நான். அப்போது இரசாயனவியல் படித்துக்கொண்டிருந்தேன். அதிகம் பேசமாட்டேன்.

“கெமிஸ்ட்றி, மூலைக்குள்ள நிக்காமச் சொல்லும். எப்பிடி இருந்தது?” என்பார் யோகேந்திரன்.

“நல்லா இருக்குங்க.”

“டின் ஓட்டையானாலும் இவ அதத்தான் சொல்லுவா,” என்பார் லாபிர்.

மூன்றாவது பாட்டுத்தான் எல்லாருக்கும் பிடித்தது. வீட்டுக்காரம்மாவின் கால் உடைந்த நாற்காலியை அறைப் பையன்கள் இருவர் தெல்தெனிய தச்சரிடம் தூக்கிப் போனார்கள். கதிரை திரும்பவே இல்லை. ‘பொடியள் வருவினம், கதிரை தருவினம்.’ பாட்டு முழுக்க அவ்வளவுதான். யாழ்ப்பாணத்தில் பையன்களைப் பொடியள் என்பார்கள்.

தொண்ணூற்றாறு மார்ச்சில் யோகேந்திரன் ஒரு செய்தியோடு வந்தார்.

“கொழும்பில ஸ்ரூடியோ கிடைச்சிட்டுது. இனிக் கீபோட், ஒழுங்கான றம்ஸ். இந்த டின்னை எறியலாம். பழைய பாட்டெல்லாத்தையும் திருப்பிப் பாடுவம். என்ன, கெமிஸ்ட்றி?”

“நல்லா இருக்குங்க,” என்றேன்.

ஆய்வுகூடத்தில் ஒரு கரைசலுக்குள் இன்னொன்றைத் துளித்துளியாக விடுவோம். சரியான நிறம் வந்ததும் குழாயை மூட வேண்டும். ஒரு துளி கூடினாலும் எல்லாம் கெட்டுவிடும். அன்று முழுவதும் எனக்கு அந்த நினைவாகவே இருந்தது.

மறுநாள் சோதனைச் சாவடியில் அவரைப் பிடித்தார்கள். பையில் இதே பாட்டுகளின் கசெற் ஒன்று இருந்தது. அவருக்குச் சிங்களம் தெரியாது. எனக்கு நன்றாகத் தெரியும் என்று சொல்லி, என்னைக் கூப்பிடச் சொன்னவர் அவர்தான்.

பொலிஸ் அதிகாரி மரியாதையானவர். எனக்கு உட்காரக் கதிரை போட்டார். மூன்றாவது பாட்டை ஓடவிட்டு, ‘பொடியள்’ என்றால் யார் என்று கேட்டார். சிங்களத்தில் ‘பொடி’ என்றால் சின்ன.

“பொடி ளமய்த?” சின்னப் பிள்ளைகளா என்று அவரே எடுத்துக் கொடுத்தார்.

ஆம் என்றால் போதும். கதிரையின் கதையைச் சொல்லியிருந்தால் அவர் சிரித்தும் இருப்பார்.

“இல்லை சேர். இயக்கத்துக்காரர்கள்,” என்றேன்.

அது பொய்யில்லை. வடக்கில் ஆயுதம் தூக்கிய புலிகளையும் அப்படித்தான் சொல்வார்கள். சொல்லுக்கு இரண்டு பொருள் இருந்தது. நான் ஒன்றைக் கொடுத்தேன். அதிகாரி அதை எழுதி வாசித்துக் காட்டினார். கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வாங்குப் பலகையில் யோகேந்திரன் உட்கார்ந்திருந்தார்.

“சொல்லிப்போட்டீரோ?”

“சொல்லிட்டேங்க.”

“தாங்ஸ், கெமிஸ்ட்றி.”

அதன்பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை. தேவராசா டின்னைத் தொடவில்லை. லாபிர் கம்பளைக்குப் போய்விட்டார்.

யோகேந்திரனின் அம்மா லீலாதேவி வருடத்துக்கு ஒருமுறை படத்தோடு வந்து அலுவலகம் அலுவலகமாக விசாரிக்கிறார். அவருக்கும் சிங்களம் தெரியாது. நான்தான் கூடப் போய் மொழிபெயர்க்கிறேன். “நீர் இல்லாட்டி நான் என்ன செய்வன், பிள்ளை,” என்பார்.

மூன்றாவது பாட்டில் ஒரு சொல் கேட்காது. நாடாவில் பழுதில்லை. கேட்பவர்கள் அதையும் குழுவின் குறும்பு என்று ரசிக்கிறார்கள். பிரதி எடுக்கும்போது அந்த இடம் வந்தால் என் விரல் ஒலியைக் குறைத்துவிடுகிறது.

மற்றபடி, அவர் பாடியதில் நான் எதையும் மாற்றவில்லை.