பாதி பெட்ரோலில் நின்ற இஞ்சின்

மரண விசாரணை அதிகாரி ஐயா அவர்களுக்கு,

ஜெனரேட்டரின் டேங்கில் பாதிக்கு மேல் பெட்ரோல் இருந்தது. சுவிட்ச் போட்டபடியே இருந்தது. முற்றத்துக்குத் தூக்கி வந்து ஒரே தடவை கயிற்றை இழுத்ததும் ஓடியது. அப்படியானால் வீட்டுக்குள் அது ஏன் தானாக நின்றது என்று போன வாரம் கந்தப்பளையில் கூடியிருந்தவர்களிடம் கேட்டீர்கள். யாருக்கும் தெரியவில்லை. கொஞ்ச நேரமே ஓடிய இஞ்சினால் ஒன்றும் நேர்ந்திருக்காது என்று முடிவு செய்து, சீதாலெட்சுமி அம்மா ஆஸ்துமாவால் இறந்ததாக எழுதினீர்கள்.

நானும் அங்கே நின்றேன். என் பெயர் கஸ்பர். முப்பது வருடம் தேயிலைத் தொழிற்சாலையில் இஞ்சின் ஓட்டியவன். உங்கள் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும். சரியாக விளங்க வேண்டுமென்றால் முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

அம்மாவின் புருஷர் கணேசமூர்த்தி ஐயா எங்கள் தொழிற்சாலையில் டீமேக்கராக, தூள் தயாரிப்பு முழுவதற்கும் பொறுப்பாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மூக்குக்குத் தோட்டம் முழுக்கப் பேர் இருந்தது. தேயிலையைக் காயவைக்கும் அடுப்பில் மயிரிழை அளவு வெடிப்பு விழுந்தாலும் புகை உள்ளே கசிந்து தூள் கெட்டுவிடும். அந்த வெடிப்பைக் கண்ணால் பார்க்க முடியாது. ஐயா ஒரு பிடி தூளை முகர்ந்து பார்த்துச் சொல்லிவிடுவார். ஒரு தடவைகூடத் தவறியதில்லை.

இந்த வருடம், எண்பத்தொன்பதில், மாலையில் கரண்ட் போனால் மறுபடி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் ஐயா ஜெனரேட்டர் வாங்க நினைத்தார். ஹட்டனில் ஒரு கடையில் இரண்டு இருந்தன. வீட்டுக்குக் கூப்பிட்டு என்னிடம் யோசனை கேட்டார்.

பெரியது டீசல். ஐந்து கிலோவாட். நாலு பேர் சேர்ந்தால்தான் அசையும். வீட்டுக்குப் பின்னால் சீமெந்துத் தரை போட்டு, தகரக் கொட்டகை கட்டி, புகைக்குழாயைக் கூரைக்கு மேல் ஏற்ற வேண்டும். சின்னது பெட்ரோல். அறுநூறு வாட். பெட்டியைப் போல் கைப்பிடி வைத்தது. நாலு லைட்டும் டீவியும் ஓடும், அவ்வளவுதான்.

ஐயாவின் மனம் பெரியதில் இருந்தது. "பெரிசுன்னா ஹீட்டர் போடலாம், கஸ்பர். இவளுக்குக் குளிரு ஆகாது."

"நாலு லைட்டுக்கு அது எதுக்குங்க ஐயா? ஒரே ஒரு ஆள ஏத்திக்கிட்டு பஸ் ஓட்டுற மாதிரி. பாரமில்லாம ஓடினா டீசல் இஞ்சின் கரி புடிச்சிப் போயிருங்க."

அம்மா சிரித்தார். "அப்ப நான் கண்டக்டரா ஏறிக்கிறேன். இவரு ஒருத்தர்கிட்டதான டிக்கெட்டு கேக்கணும்."

நான் சொன்னது உண்மைதான். பாரம் குறைந்தால் டீசல் கரி பிடிக்கும். அன்று நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

"சின்னத எங்க வைக்கிறது? மழையில வைக்கலாமா?" என்று ஐயா கேட்டார்.

"கூடாதுங்க. கரண்ட் சாமான்."

"வாசல்ல?"

"கைப்பிடி இருக்குதுங்களே. திருடனுக்கும் அதே கைப்பிடிதான்."

"அப்ப உள்ளுக்குத்தான் வைக்கணும்."

"அது உங்க விருப்பம்ங்க ஐயா."

இயந்திரம் வந்த அன்று முற்றத்தில் ஓட்டிக் காட்டினேன். ஐயா குனிந்து புகைக்குழாயை முகர்ந்தார். "பெட்ரோல் வாசம் கொஞ்சம் இருக்கு. புகை இல்ல. புகைன்னா எனக்குத் தெரியாதா?"

"இந்த மூக்கு இருக்கிற வீட்டுக்கு நாய் எதுக்கு?" என்றார் அம்மா. "நேத்து பக்கத்து வீட்டுல கருவாடு பொரிச்சதுக்கு இவருக்குத்தான் மொதல்ல சேதி வந்துச்சு. குடிங்க கஸ்பர், தேத்தண்ணி ஆறுது."

எண்ணெய் எப்போது மாற்றுவது, பிளக்கை எப்படித் துடைப்பது, கார்புரேட்டருக்குள் என்ன நடக்கிறது என்று ஒன்றரை மணி நேரம் விளக்கினேன். எனக்கு அதில் ஆசை அதிகம். ஒன்றைத்தான் விளக்கவில்லை. அதை இப்போது உங்களுக்குச் சொல்கிறேன்.

ஒரு பங்கு பெட்ரோல் எரிய ஏறக்குறைய பதினைந்து பங்கு காற்று வேண்டும். மூடிய அறையில் அந்தக் காற்று குறைந்துகொண்டே வரும். பெட்ரோல் அரைகுறையாக எரியும். அப்படி எரிந்து வருகிற வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. எந்த மூக்குக்கும் அது தெரியாது. மனிதருக்குத் தூக்கம் வருவதுபோல் இருக்கும், அந்தத் தூக்கத்திலேயே உயிர் போய்விடும். காற்று இன்னும் குறைந்தால் இஞ்சினுக்கே மூச்சு முட்டும். டேங்கில் எவ்வளவு பெட்ரோல் இருந்தாலும் நின்றுவிடும். உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான்.

ஐயா கேட்டிருந்தால் இதையும் சொல்லியிருப்பேன்.

காரணத்தையும் எழுத வேண்டும். எழுபத்தாறில் என் மனைவி சிசிலி அதே தொழிற்சாலையில் பச்சைக்கொழுந்து அரைக்கும் இடத்தில் வேலை செய்தாள். இஞ்சின் அறை சுவருக்கு இந்தப் பக்கம். அங்கிருந்து ஒரு நீளத் தண்டு சுவரைத் துளைத்துப் போகும். தோல் பட்டைகள் அதிலிருந்து எல்லா இயந்திரத்தையும் சுற்றும். டீமேக்கர் ஒரு மணி அடித்தால் ஓட்ட வேண்டும், இரண்டு மணி அடித்தால் நிறுத்த வேண்டும். இடையில் இஞ்சினைத் தொடக் கூடாது. தொட்டால் அன்றைய கொழுந்து கெடும், வேலையும் போகும்.

சிசிலியின் சேலைத் தலைப்பைப் பட்டை இழுத்துக்கொண்டது. சத்தம் எனக்குக் கேட்டது. அவள் குரல் என்றும் தெரிந்தது. இஞ்சினை நிறுத்தும் நெம்பில் கை வைத்தேன். மணிக்குக் காத்திருந்தேன். ஐயா அப்போது காயவைக்கும் அறையில் தூளை முகர்ந்துகொண்டிருந்தார். அவர் ஓடி வந்து மணி அடிக்க ஒன்றரை நிமிடம் ஆனது. தண்டு நிமிடத்துக்கு இருநூறு சுற்று. முந்நூறு சுற்று.

ஆபீசில் நடந்த விசாரணையில் ஐயா எனக்காகப் பேசினார். "மணி கேட்டதும் ஒடனே நிப்பாட்டிட்டான். அவன் மேல குத்தமில்ல," என்றார். சீதாலெட்சுமி அம்மா முப்பது நாள் லயத்தில் இருந்த என் அறைக்குச் சோறு கொடுத்தனுப்பினார். மணி அடிக்க வேண்டிய நேரத்தில் யாருடைய மூக்கு தூளுக்குள் இருந்ததோ அவரே எனக்குக் குற்றமில்லை என்றார். அந்த நல்ல வார்த்தையை மன்னிக்கப் பதின்மூன்று வருடம் எனக்குப் போதவில்லை.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஆறரை மணி போல் கரண்ட் போனது. வெள்ளிக்கிழமைகளில் ஐயா கோயில் கமிட்டிக்குப் போவார் என்பது எனக்குத் தெரியும். அவர் வீட்டுப் பக்கமாக நடந்தேன். நல்ல பனி. ஜன்னல்கள் எல்லாம் மூடியிருந்தன. கண்ணாடி வழியாக லைட் தெரிந்தது. இஞ்சின் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. வேலியோரம் நின்றேன்.

முதலில் சத்தம் சீராக இருந்தது. பிறகு ஏறி இறங்கத் தொடங்கியது. நாய்க்கு மூச்சு இரைப்பதுபோல் இருக்கும், கேட்டுப் பழகியவர்களுக்குத் தெரியும். அந்தச் சத்தத்தை வைத்தே உள்ளே காற்று எவ்வளவு மிச்சம் என்று என்னால் சொல்ல முடியும். அம்மா ஒரு தடவை இருமினார். அதற்குப் பிறகு இருமவில்லை. லைட் மங்கி, பிரகாசமாகி, மறுபடி மங்கியது. பிறகு இஞ்சின் நின்றது. அதுவரைக்கும் நான் வேலியோரம்தான் நின்றேன். பிறகு வீட்டுக்குப் போனேன்.

ஐயா இப்போது வாசலில் உட்கார்ந்திருக்கிறார். சாப்பாட்டைக்கூட முகர்ந்து பார்க்காமல் சாப்பிடுகிறார். நேற்று நான் போனபோது, "புகை இல்லியே கஸ்பர். நான்தான பாத்தேன்," என்றார். "உங்க மேல குத்தமில்லைங்க ஐயா," என்று சொன்னேன். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

வேலியோரம் ஏன் அப்படி நின்றாய் என்று நீங்கள் கேட்பீர்கள். உள்ளே போ என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, ஐயா. சொல்லியிருந்தால் உடனே போயிருப்பேன்.

இதுபோன்ற இயந்திரம் பல வீடுகளுக்கு இப்போது வருகிறது. அவர்களுக்கு உதவும் என்பதால் நிறுத்தும் முறையையும் எழுதிவிடுகிறேன். பெரியதென்றால் நெம்பு, சின்னதென்றால் சுவிட்ச். பக்கத்தில் நிற்பவர் கையை நீட்டிக் கீழே தள்ளினால் நின்றுவிடும். யாருடைய உத்தரவும் தேவையில்லை.