இலைக்கஞ்சியும் தன்வினையும்

என் பெயர் ஸுல்பிகா. மருதமுனையில் நெடுங்காலம் தமிழ் இலக்கணம் கற்பித்து ஓய்வுபெற்றவள். விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்ததும் வளவைச் சுற்றி நடந்து இலை பறிப்பேன், இலைக்கஞ்சி காய்ச்சுவேன், கடைப் பெயர்ப்பலகைகளில் விடுபட்ட ஒற்றுகளை மனத்துக்குள் இட்டுக்கொண்டே சந்தைக்குப் போய்வருவேன். என் தலையில் இன்றுவரை ஷாம்பு பட்டதில்லை. இந்த வயதிலும் என் கொண்டை ஒரு கைக்குள் அடங்காது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. தகுதிச் சான்றாகச் சொல்கிறேன்.

என் ஒரே மகள் ஹிமாயா வங்கியில் வேலை செய்கிறாள். அவளுடைய குளியலறைத் தட்டில் போத்தல்கள் வரிசையாக நின்றன. ஒன்று முடியை நேராக்கும். இன்னொன்று, நேராக்கியதால் கெட்டதைச் சீராக்கும். மற்றொன்று, சீராக்கியதன் நாற்றத்தைப் போக்கும். அவை அனைத்தையும் எறிந்துவிட்டேன். செவ்வரத்தம் இலையை அரைத்துத் தேய்த்தேன். ஊறவைத்த வெந்தயம் பூசினேன். ஈரத்தலையைச் சீவக்கூடாது, துவாயால் முறுக்கக்கூடாது, இறுக்கிக் கட்டக்கூடாது என்று சொல்லிச் சொல்லித் திருத்தினேன். கூந்தல் இடுப்பைத் தாண்டிற்று. மென்மையான, இயற்கையான பராமரிப்பின் நன்மைகளை எல்லாரும் சொல்கிறார்கள். அதன் தீமையை யாரும் சொல்வதில்லை. கூந்தல் வளர்ந்தால் மாப்பிள்ளை வருவார்.

எங்கள் ஊர்களில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குக் குடிவருவார். வீடும் வளவும் பெண்ணின் பெயருக்கு எழுதப்படும். பெற்றவள் பின்னறைக்குப் போவாள். பின்னறை என்பது மங்கல வழக்கு; பெரும்பாலும் அது முன்பு விறகு அடுக்கிய இடம். என் உம்மாவை அங்கே அனுப்பியவள் நானே. அதன் பிறகு அவர் தந்த மண்வீட்டை என் சம்பளத்தில் கல்வீடாக்கினேன். கணவர் மௌத்தான பின்னரும் ஒவ்வொரு சன்னலையும் நான் நின்று பார்த்துத்தான் பொருத்துவித்தேன்.

சாய்ந்தமருதிலிருந்து ஜெனூபா தம் மகன் அஹ்ஸனுக்காகப் பெண்பார்க்க வந்தார். வழமைப்படி முக்காட்டை விலக்கி, கொண்டையை அவிழ்த்து, கையில் ஏந்திப் பார்த்தார்.

“மாஷா அல்லாஹ். இதென்னகா, முடியா வடக்கயிறா? என்ன மகள் பூசுற நீ?”

“உம்மாதான் மாமி எல்லாம் செய்ற. என்ட ஷாம்பையெல்லாம் தூக்கி வீசிட்டா.”

“உம்மாட கை ராசியான கைதான்.” அவர் பார்வை கூந்தலிலிருந்து கூரைக்கு ஏறிற்று. “மேல ஒரு மாடி எடுக்கலாம். ராத்தா நீங்க தனி ஆள்தானே. பின்னுக்கிரிக்கிற அந்த அறை உங்களுக்குக் காணும்.”

தேநீருக்குச் சீனி போதுமா என்று மட்டும் கேட்டேன்.

அவ்வாரமே அடுத்த வளவு றஸாக் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து முறையிட்டான்.

“டீச்சர், உங்கட வேலியில நிக்கிற இப்பில் இப்பில் மரத்து இலையத் திண்டு திண்டு என்ட மாட்டுட வால் மொட்டையாப் பெய்த்து. அந்த இலையாலதானாம், மாட்டு டொக்டர் சொல்றார். வேலிய வெட்டுங்களன்.”

“மாட்டக் கட்டி வை, றஸாக்.”

“கட்டித்தான் வச்சன். வாலையுமா கட்டுற?”

அவன் போன பின் வேலியருகே சற்று நேரம் நின்றேன். இப்பில் இப்பில் இயற்கையான மரம். அதில் செயற்கை நிறம் இல்லை, வாசனை சேர்ப்பதில்லை, பின்புறம் பொடியெழுத்தில் எச்சரிக்கையும் இல்லை. எந்தக் கடைப் போத்தலைக் குறித்தும் இவ்வளவு நல்ல வார்த்தை என்னால் சொல்லமுடியாது.

மறுநாட் காலைக் கஞ்சி வழமையைவிடச் சற்றுக் கரும்பச்சையாக இருந்தது. பச்சையில் எது எந்த இலை என்று ஆராய எங்கள் வீட்டில் என்னைத் தவிர வேறு யாரும் இலர்.

சில வாரங்களில் சீப்பு நிறைந்தது.

“உம்மா, இஞ்ச பாருங்க. கை வச்சாக் கையோட வருது.”

“பயப்படாத மகள். பழைய ஷாம்புட நஞ்சு இறங்குது. கஞ்சியக் குடி.”

“கசக்கிது உம்மா.”

“மருந்தெண்டாக் கசக்கும்.”

கண்களை மூடிக்கொண்டு, கோப்பையை இரு கைகளாலும் பிடித்துக் குடித்தாள். குடித்துக் கழுவிக் கவிழ்த்தும் வைத்தாள். நல்ல பிள்ளை, வளர்ப்பு அப்படி. நெற்றிக்கு மேலே தோல் தெரியத் தொடங்கிய பின், குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள். தண்ணீர் வீணாவதை ஒருமுறை சுட்டிக்காட்டினேன். அதன் பிறகு குழாயைத் திறக்காமல் அழுதாள். சொன்னால் கேட்பாள்.

ஊருக்குக் காரணம் தேவைப்பட்டது. என் மைத்துனி அஸீஸா வீட்டில் மூலிகை எண்ணெய் காய்ச்சிக் பழைய கோடியல் பானப் போத்தல்களில் விற்பவள். அதில் ஒரு துளியை ஹிமாயா எப்போதோ தடவிப் பார்த்திருந்தாள். அது போதுமாயிற்று. அஸீஸாவின் எண்ணெயை அதன் பிறகு எவரும் தொடவில்லை. அவள் என் வாசலுக்கு வந்து நின்றாள்.

“அல்லாஹ் மேல சத்தியமா மச்சி, என்ட எண்ணெயில ஒண்டுமில்ல.”

“எனக்குத் தெரியும் அஸீஸா” என்றேன்.

நான் பொய் சொல்லும் பழக்கமுடையவள் அல்லள். தெருவில் நின்று கேட்டுக்கொண்டிருந்த பெண்களிடம் அதை மறுபடி சொல்லவில்லை, அவ்வளவுதான். கூறியது கூறல் ஒரு குற்றம் என்று இலக்கணத்தில் கற்பித்திருக்கிறேன்.

எனக்கு இருந்த ஒரே மனவருத்தத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். “ஹிமாயாட முடி உதிர்ந்திட்டாம்” என்று ஊர் கதைத்தது. உதிர்ந்தது என்பது தன்வினை, தானாக நிகழ்வது. உதிர்த்தது என்பது பிறவினை. அதற்குச் செய்தவர் ஒருவர் வேண்டும். ஒரு மெல்லின ஒற்று வல்லினமாகும் அந்த வேறுபாட்டை எத்தனையோ பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டியவள் நான். ஊரே பிழையாகப் பேசும்போது நாக்கு துடித்தது. பொறுத்துக்கொண்டேன். ஆசிரியர் எல்லா இடத்திலும் திருத்திக்கொண்டிருக்கலாகாது.

எதிர்பார்த்தபடி ஜெனூபா கலியாணப் பேச்சை முறிக்க வந்தார். எதிர்பாராதபடி அஹ்ஸனும் கூடவே வந்தார்.

“ராத்தா கோவிக்கப்படா” என்று ஜெனூபா தொடங்கினார். “புள்ள நல்ல புள்ளதான். எண்டாலும் தலையப் பாத்தா...”

“உம்மா, நான் முடியவா கலியாணம் முடிக்கப் போறன்?” என்றார் அஹ்ஸன்.

நல்ல சிலேடை. வேறொருவர் சொல்லியிருந்தால் பாராட்டியிருப்பேன். திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து ஹிமாயாவின் சிரிப்புக் கேட்டது. அந்தச் சிரிப்பை நான் கேட்டு மாதங்களாகியிருந்தன. ஒரு தாய் மகிழவேண்டிய தருணம் என்பதை அறிவேன்.

நிக்காஹ் நடந்தது. வீட்டை எழுதிக் கொடுத்தேன். பின்னறைக்கு வந்தேன். என் உம்மா ஒருநாளும் குறை சொல்லாத அறை இது. ஆகையால் இன்னும் கொஞ்சம் அகலமாக இருக்குமென்று எண்ணியிருந்தேன்.

கலியாணத்துக்குப் பின் அவர்களுக்குக் காலையில் பாணும் பருப்பும். கஞ்சி எனக்கு மட்டுமே. அதற்கு நான் வல்லாரை பறிக்கிறேன். ஹிமாயாவின் தலையில் பிறந்த குழந்தையினது போல மெல்லிய முடி அரும்பத் தொடங்கிற்று. நேற்றுப் பின்னறைக்கு வந்து என் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்தாள்.

“தடவிப் பாருங்க உம்மா. முளைக்கிது. எல்லாம் உங்கட கஞ்சியாலதான். அண்டைக்கு ஷாம்புட நஞ்சையெல்லாம் அது இறக்கியிரிக்கி. நான்தான் கசக்கிது கசக்கிதெண்டு உங்களக் கரைச்சல்படுத்தின.”

“பரவாயில்ல மகள்.”

“இனி எங்களுக்கும் காய்ச்சுங்களன். இவரும் குடிக்கிறாராம்.”

மருமகன் வாசற்படியில் நின்று சிரித்தார். அவருக்கு அடர்ந்த தாடி. ஒழுங்காகக் கத்தரித்து, அத்தர் தடவி, பேசும்போதெல்லாம் தடவிக்கொள்வார். மேல்மாடிக்குக் கல் இறக்குவது பற்றிக் கதைத்துவிட்டு, “மாமி, இந்த வேலிய வெட்டிட்டு மதில் கட்டுவமா?” என்றும் கேட்டார். மரியாதையான பிள்ளை. தம் வீட்டு வேலியை வெட்ட என்னிடம் கேட்கவேண்டிய அவசியம் அவருக்கில்லை.

வீட்டுக்காகவே நான் இதையெல்லாம் செய்தேன் என்று நீங்கள் எண்ணிவிடக் கூடாது. என் மகள் வெளித்தோற்றத்தைப் பார்த்து வருபவர்களிடம் அகப்பட்டுக்கொள்ளக் கூடாது என்றே செய்தேன். அப்படிப் பார்த்தால் அஹ்ஸன் என்னும் நல்ல மாப்பிள்ளையைத் தேர்ந்து கொடுத்ததே என் கஞ்சிதான். இதற்கு நன்றி சொல்லத் தோன்றாமலிருப்பது அவர்களுடைய அறியாமை.

இலக்கணப் பிழையோடு மௌத்தாக எனக்கு விருப்பமில்லை, ஆகவே திருத்திவிடுகிறேன். முடி உதிரவில்லை. உதிர்த்தேன். எழுவாய் நான்.

வேலி நிற்கட்டும் என்று மருமகனிடம் சொன்னேன். நாளைக் காலை அவர்களுக்கு இரண்டு கோப்பை வைப்பேன்.