கலப்பில்லாத குரல்

அந்த மேசை விசிறிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும், மேடம். இடது பக்கம் திரும்பும்போதெல்லாம் ஒரு முனகல் முனகுகிறது. இங்கே வேலை செய்யும் நீங்கள் பழகிவிட்டீர்கள். எனக்கு உட்கார்ந்த பத்து நிமிடத்திலேயே பல் கூசுகிறது. காது கூர்மையாக இருப்பது வரம் என்பார்கள். அப்படிச் சொன்ன யாரும் அந்தக் காதோடு பேருந்தில் போயிருக்க மாட்டார்கள்.

ஒலிப்பதிவுக் கூடத்தில் எனக்குப் பாம்புக் காது என்றுதான் பெயர். அவள் மட்டும் அண்ணா என்பாள். அவள் பெயரை நான் சொல்லப் போவதில்லை. இந்த மூன்று வாரமாகப் பத்திரிகைகள் அதை நாறடித்துவிட்டன. பாடகி என்றே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் டயர் கடைக்கு மேலிருக்கும் எங்கள் மாடிக்கு நான்கு பேர் ஏறி வந்தார்கள். மூன்று பையன்கள், ஜிப் அறுந்த மழைக்கோட்டோடு அவள். குழுவுக்கு ‘ஈரச்சுவர்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். இருபது வயது. பாடும்மா என்றேன். அவள் பாடவில்லை, எறிந்தாள். ஒலி அளவு காட்டும் முள் சிவப்புக்குப் போய் ஒட்டிக்கொண்டது. உச்சத்துக்குப் போகும்போது அவள் குரல் உடையும். மற்றவர்களுக்கு உடைந்தால் ஓட்டைதான் தெரியும். அவளுக்கு உடைந்த இடத்தில் இன்னொரு குரல் இருந்தது. அந்த முதல் இசைத்தட்டின் மூன்றாவது பாட்டைக் கேட்டிருக்கிறீர்களா? பல்லவிக்கு அரை மாத்திரை தாமதமாக வருவாள். பிசகு என்று கிட்டார்க்காரன் சொன்னான். பிசகு இல்லை, அங்கேதான் பாட்டு இருக்கிறது என்று நான் சொன்னேன். அன்றைக்கு அவள் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து என்னைப் பார்த்த பார்வையை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் இருபது வருடம் ஓட்டலாம். நான் ஓட்டினேன்.

பிறகு ‘மூன்றாம் மாடி’. அது தேர்ந்த குழு. ஐந்து வருடத்தில் நான்கு தட்டுகள். டிரம்ஸ்காரனைக் கல்யாணம் செய்துகொண்டாள். நல்லவன்தான், தாளம் மட்டும் எப்போதும் கொஞ்சம் முந்தும். குடும்பத்திலும் அவனுக்கு அதே அவசரம்தான் என்று அவளுடைய அக்கா சொல்லிச் சிரிப்பாள். அக்காதான் அவளுடைய நிகழ்ச்சிகளைப் பார்த்துக்கொள்பவள். கல்யாணம் முறிந்தது, குழுவும் கலைந்தது. எனக்கு வருத்தமில்லை என்று உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

ஏனென்றால் அதன் பிறகுதான் ‘உப்பு’ வந்தது. அவளுடைய முதல் தனித் தட்டு. பதினோரு நாள். அவள், அவளுடைய கிட்டார், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான். அக்காவைக்கூட உள்ளே விடவில்லை. ஐந்தாவது பாட்டில் வாத்தியமே கிடையாது. மூச்சு இழுப்பது கேட்கும், உதடு பிரிவது கேட்கும். வழக்கமாக அதையெல்லாம் வெட்டி எறிவது என் வேலை. அதில் ஒரு இழையைக்கூட நான் தொடவில்லை. கேட்டவர்கள் எல்லோரும் அதைத் தனிமையின் குரல் என்று எழுதினார்கள். எழுதிவிட்டுப் போகட்டும். அறையில் இரண்டு பேர் இருந்தோம்.

அந்த மாதிரி ஒன்றைச் செய்தவள் அதோடு நின்றிருக்க வேண்டும். நின்றிருந்தால் இன்று நாம் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டோம்.

கூட்டுப் பாடல்கள் மூன்று வருடங்களுக்கு முன் தொடங்கின. முதலில் ஒரு நடனப் பாட்டுக்காரன். அவன் இவள் குரலை இயந்திரத்தில் விட்டு இஸ்திரி போட்டான். உடையும் இடமெல்லாம் வழவழவென்று ஆகிவிட்டது. அதைக் கேட்டுவிட்டு நான் கழிவறைக்குப் போய் வாந்தி எடுத்தேன். மிகைப்படுத்தவில்லை, அக்காவே என் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அடுத்தது தரை கழுவும் திரவத்துக்கு ஒரு விளம்பரப் பாட்டு. ‘உப்பு’வைப் பாடிய வாய். “அண்ணா, ஜாலியா இருந்துச்சு” என்று சொன்னாள்.

பிறகு சர்க்கரை வந்தாள். அது நான் வைத்த பெயர். பாகு மாதிரி பாடும் பெண், உங்கள் வீட்டிலும் அவளைக் கேட்பார்கள். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு முழுத் தட்டு செய்வதாக ஏற்பாடு. எனக்கு அவள்மேல் தனிப்பட்ட வெறுப்பு இல்லை. ஆனால் ஒவ்வொரு வரிக்கு முன்னும் அவள் உதட்டை நக்கிக்கொள்வாள். ஹெட்போனில் அந்தச் சத்தம் எப்படி இருக்கும் தெரியுமா? ஈரச் செருப்பைத் தரையிலிருந்து உரிப்பது மாதிரி. மென்று முடித்த சூயிங்கத்தை என் மேசைக்கடியில் ஒட்டிவைப்பாள். இரண்டு பேரும் ஒரே மைக்கில்தான் பாடுவோம் என்று அடம் பிடித்தார்கள். கன்னத்தோடு கன்னம் வைத்துக்கொண்டு, எச்சில் தெறிக்க. அவர்கள் போன பிறகு மைக்கின் கம்பி வலையைக் கழற்றினேன். அதில் லிப்ஸ்டிக்கும் இனிப்பு மிட்டாயும் கலந்து ஒரு வாடை. சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினேன். அந்த வலை அவளுக்கென்றே நான் ஒதுக்கி வைத்திருந்தது. அதற்கு முன்னால் அதைக் கழுவியதே இல்லை. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு முறைகூட இல்லை.

உங்கள் முகம் மாறுகிறது. என் அலமாரியிலிருந்து எடுத்த பெட்டிகளைப் பற்றியும் உங்கள் ஆட்கள் இதே முகத்தோடுதான் கேட்டார்கள். வெட்டியெடுத்த மூச்சுகளை எறிய மனம் வராமல் தேதிவாரியாகச் சேர்த்து வைத்தேன், அவ்வளவுதான். இருமல் தனியாக, தொண்டை செருமல் தனியாக. ஒரு நூலகத்தில் இருப்பதைவிட ஒழுங்காக இருக்கும்.

சிரிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான்காவது பாட்டின் நடுவில் சர்க்கரை வரியை மறந்துவிட்டாள். பாடகி சிரித்தாள். குழந்தை சிரிப்பது மாதிரி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூக்கால் ஒரு சத்தம் வேறு. அவளிடமிருந்து அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதே இல்லை. என் பெட்டிகளில் அது இல்லை. யாரோ அவள் தொண்டைக்குள் புகுந்துகொண்டு சிரிப்பதுபோல் உடம்பெல்லாம் கம்பளிப்பூச்சி ஊர்ந்தது.

“அண்ணா, அந்தச் சிரிப்பை வெட்டிடாதீங்க. பாட்டே அதுதான்” என்று சொன்னாள்.

சரிம்மா என்றேன். வெட்டினேன்.

அவள் கண்டுபிடித்துவிட்டாள். கோபப்படவில்லை. அடுத்த திங்கட்கிழமை அக்காவோடு வந்து சோபாவில் உட்கார்ந்தாள். கையைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

“அண்ணா, இந்தத் தட்டை முடிச்சதும் அடுத்ததை வேற ஒருத்தர்கிட்ட பண்ணலாம்னு இருக்கேன். தப்பா எடுத்துக்காதீங்க. உங்களாலதான் நான் இந்த இடத்துக்கு வந்தேன்.”

“இதுல என்னம்மா இருக்கு? நல்லா பண்ணுங்க” என்றேன்.

அக்கா எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீங்க இப்படித்தான் சொல்வீங்கன்னு எனக்குத் தெரியும். இவதான் ராத்திரியெல்லாம் தூங்காம புலம்பிட்டிருந்தா” என்றாள்.

இனி நீங்கள் கேட்க விரும்புவது. பதிவு நாட்களில் அவள் தொண்டை கொப்பளிக்க வெந்நீர் கலந்து தருவது எப்போதும் நான்தான். உப்பும் வெந்நீரும், ஒரு சில்வர் குடுவையில். அவள் கையை மட்டும் நீட்டுவாள், குடுவையைப் பார்க்கக்கூட மாட்டாள். அதில் நான் என்ன சேர்த்தேன் என்பது பரிசோதனை அறிக்கையில் இருக்கிறது. திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை. ஆறு வாரம், மிகக் குறைவாக. நான் அவசரக்காரனில்லை.

இரண்டாவது வாரம் குரல் கம்மியது. டாக்டர் ஓய்வு எடுக்கச் சொன்னார். நானும்தான் சொன்னேன், “கொஞ்ச நாள் பாடாதே, இந்தத் தட்டை விட்டுடு” என்று. அவள் கேட்டிருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பேன். முடிவு அவள் கையில்தான் இருந்தது. சர்க்கரை தினமும் அவளுக்கு மாத்திரை வாங்கி வந்தாள், கழுத்தில் துணி சுற்றிவிட்டாள். “வலிக்குதா? வலிச்சா நிறுத்திடலாம்” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

இதை அவள் என்னை விட்டுப் போவதாகச் சொன்னதோடு முடிச்சுப் போடுகிறீர்கள். நேற்று அந்தத் தம்பி, உங்கள் உதவி அதிகாரி, ஒரு காகிதத்தைக் காட்டி, “அவங்க வேற இடம் போறேன்னு சொன்னது திங்கட்கிழமை. நீங்க இந்தப் புட்டியை வாங்கினது செவ்வாய்க்கிழமை. இதுக்கு என்ன சொல்றீங்க?” என்று கேட்டார். திங்கட்கிழமை அந்தக் கடை விடுமுறை என்று சொன்னேன். உண்மையைத்தான் சொன்னேன். அவர் ஏன் அப்படிப் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து போனார் என்று புரியவில்லை. எனக்கு அவள்மேல் கோபமே கிடையாது. ஒரு நல்ல குரல் சீரழிவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது என்பதைத் தவிர இதில் வேறு எதுவும் இல்லை.

கடைசி நாள் பிற்பகல், நான்கு மணி இருக்கும். அவள் தனியாகப் பாட வேண்டிய வரிகள் மட்டும் பாக்கி. அன்று அளவை முழுதாக்கினேன். சர்க்கரை வரவில்லை. வந்திருந்தாலும் அவளுக்குக் கொடுத்திருக்க மாட்டேன். அவள் குரலில் காப்பாற்றுவதற்கு என்ன இருக்கிறது?

பாடகி கையை நீட்டினாள். கொடுத்தேன். “தேங்க்ஸ்ணா” என்றாள். அவள் பேசிய கடைசி வார்த்தை அதுதான். இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை, நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

நான் இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தேன். மைக் திறந்திருந்தது. கதவைத் திறக்க எனக்கு ஆறு நிமிடம் ஆனது என்று அக்கா சொல்லியிருப்பது சரிதான். கதவின் சிறு கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு வெளியே நின்று இரண்டு கையாலும் கதவை அடித்தாள், “அண்ணா, தொறங்கண்ணா, அவ விழுந்துட்டாண்ணா” என்று கத்தினாள். பதிவு ஓடிக்கொண்டிருந்தது, மேடம். பதிவு ஓடும்போது கதவைத் திறக்கக் கூடாது. முதல் நாளிலிருந்து அதுதான் எங்கள் விதி, அக்காவுக்கும் தெரியும்.

இனிமேல் அவளால் பாட முடியாது என்கிறார்கள். குழாய் வழியாகத்தான் சாப்பாடாம். நேற்று ஒரு தாளில் எழுதி அனுப்பியிருந்தாளே, “ஏன் அண்ணா?” என்று, அதை எனக்குக் காட்டினீர்கள். அவ்வளவு காலம் கூட இருந்தவளுக்கு இது புரியவில்லையே என்று முதலில் கஷ்டமாக இருந்தது. ஆனால் ‘ஈரச்சுவர்’ இனி அப்படியே இருக்கும். ‘உப்பு’ அப்படியே இருக்கும். மேலே எதையும் கொட்டிக் கெடுக்க யாராலும் முடியாது. ஒரு நாள் புரிந்துகொள்வாள்.

ஆமாம், நான்தான் செய்தேன். முழு நினைவோடு, திட்டமிட்டு. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். நீங்கள் கைப்பற்றிய கணினி வட்டில் அந்த ஆறு நிமிடமும் இருக்கிறது. தயவுசெய்து அழித்துவிடாதீர்கள். அதை இரண்டு தடவை முழுதாகக் கேட்டேன், ஆம்புலன்ஸ் போனதும் ஒரு தடவை, உங்கள் ஆட்கள் வருவதற்கு முன் ஒரு தடவை. அவள் வாழ்க்கையில் செய்த எதையும்விட அது நன்றாக இருக்கிறது. சர்க்கரை இல்லை, தாளம் இல்லை, இஸ்திரி இல்லை. குரல் உடைகிறது, உடைந்த இடத்தில் இன்னொன்று, அதுவும் உடைகிறது. அக்கா கதவை அடிப்பது மட்டும் பின்னால் விழுந்திருக்கிறது. ஒரு மணி நேரம் எனக்கு ஒரு கணினி கொடுத்தால் அதைச் சுத்தமாக எடுத்துவிடுவேன். பிறகு வெளியிடலாம். அட்டையில் என் பெயர் பெரிதாக வேண்டாம். அவள் பெயருக்குப் பக்கத்தில், அதே அளவில் இருந்தால் போதும்.