மூன்றாவது சாவி

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். அந்த ஓரத்தில் போனைத் தடவிக்கொண்டிருப்பவர், கேட்பதானால் கேளுங்கள். இல்லையென்றால் எழுந்து போய்ப் படுங்கள். இது என் சிநேகிதனின் தாய்மாமாவுக்கு நடந்தது. பக்கத்தில் நின்று பார்த்தவன் என் சிநேகிதன்.

இருட்டத் தொடங்கும் நேரம். ஏரிக்கரைச் சாலை... போகிற வண்டியும் இல்லை, வருகிற வண்டியும் இல்லை. சாலை முடிகிற இடத்தில் ஒரே ஒரு வீடு. வாசலில் ஒரு கார்.

அந்தக் காரைப் பார்க்கத்தான் மாமா போனார். கார் எலெக்ட்ரீஷியன். எல்லோரும் அவரை 'சென்சார்' என்பார்கள். வண்டி கிளம்பாவிட்டாலும் சென்சார் கோளாறு, பெண்டாட்டி பேசாவிட்டாலும் சென்சார் கோளாறு என்று சொல்கிற ஆள். காரின் கோளாறைத் திரையில் காட்டுகிற ஸ்கேனர் ஒன்று கைக்கு வந்த நாளிலிருந்து அவருக்குக் கால் தரையில் படவில்லை. 'தெரியாது' என்ற சொல் அந்த வாயில் வந்ததே கிடையாது. எனக்கு அவரைக் கண்டாலே எரியும். செத்தவரைப் பற்றி இப்படிப் பேசலாமா என்று பார்க்காதீர்கள். உயிரோடுதான் இருக்கிறார்... அப்படித்தான் சொல்கிறார்கள்.

அது அவருடைய அண்ணி வீடு. அண்ணன் அதற்கு முந்தின மழைக்காலத்தில் ஏரியில் இறங்கினவர், கரை ஏறவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை. கார் சாவி அவருடைய கால்சட்டைப் பையில் இருந்தது. அதுவும் அவரோடு போயிற்று.

சாவி என்றால் துளையில் விட்டுத் திருகுகிற சாவி இல்லை. பையில் இருந்தால் போதும். கைப்பிடியைத் தொட்டதும் கதவு திறக்கும், இன்னொரு முறை தொட்டால் பூட்டும். ஆனால் ஒரு சாவி உள்ளே கிடந்தால் கார் பூட்டாது, கத்தும். மறதிக்காரர்களுக்காகச் செய்து வைத்த ஏற்பாடு.

அண்ணியின் புகார் அதுதான். பகலில் ஒழுங்காகப் பூட்டுகிற கார், பொழுது சாய்ந்தால் பூட்ட மாட்டேன் என்கிறது.

"சாவி உள்ள இருக்குன்னு கத்துது தம்பி. என் சாவி என் கையிலதான் இருக்கு."

"உங்க கைப்பையை முதல்ல நல்லாத் துழாவுங்க அண்ணி. பொம்பளைங்க பைக்குள்ள எருமை மாடு தொலைஞ்சாலும் தெரியாது."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அந்தச் சிரிப்புக்கே நாலு அறை விடலாம்.

வேலை தெரியாதவர் என்று சொல்ல மாட்டேன். அண்ணியின் சாவியையும் பீரோவில் இருந்த மாற்றுச் சாவியையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடினார். தகர டப்பா சிக்னலை வெளியே விடாது. அதை என் சிநேகிதன் கையில் கொடுத்து, கேட்டுக்கு வெளியே நிற்கச் சொன்னார். இப்போது காருக்குப் பக்கத்தில் சாவி என்று எதுவுமே இல்லை. ஸ்டியரிங்குக்கு அடியில் ஸ்கேனரைச் செருகி, கதவோரம் குனிந்து நின்று, காருக்குள் சாவியைத் தேடும் ஆன்டெனாக்களை ஒவ்வொன்றாகச் சோதித்தார். டிக்கி... சாவி இல்லை. பின் சீட்டு... இல்லை. ஓட்டுநர் சீட்டு...

பீப்.

மூன்றாவது சாவி. உள்ளே இருக்கிறது என்றது திரை.

காலி சீட்டிலிருந்து ஒரு வாடை வந்தது. பாசி... அடிச்சேறு... அதைக் கிளறினால் வருமே, அந்த வாடை.

"ஈரம் ஏறி மாட்யூல் கெட்டுப் போச்சு" என்றார் சென்சார். மூக்கைப் பொத்திக்கொண்டுதான் சொன்னார். "தண்ணில விழுந்த சாவி எங்கயாவது பேசுமா? அழிச்சுட்டா தீர்ந்துச்சு."

அண்ணி கார்க் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"மூணாவது சாவின்னா அவரோடதுதானே? அப்போ அவர்தான் வந்து உட்கார்றாரு. வேண்டாம் தம்பி, அழிக்காதீங்க. பூட்டலைன்னா பரவாயில்ல. அவர் உட்கார்ந்துட்டுப் போகட்டும்."

"படிச்சவங்க பேசுற பேச்சா இது? தள்ளுங்க."

அழித்தார். எல்லாச் சாவியையும் காரின் ஞாபகத்திலிருந்து துடைத்துவிட்டு, டப்பாவை வரவழைத்து அதில் இருந்த இரண்டை மட்டும் திரும்பச் சேர்த்தார். மாற்றுச் சாவியை என் சிநேகிதனிடமே கொடுத்துத் தள்ளி நிற்கச் சொன்னார். கதவைச் சாத்திக் கைப்பிடியைத் தொட்டார். சடக். பூட்டிக்கொண்டது.

"அவ்வளவுதான் விஷயம். இதுக்குப் போய்ப் பேய் பிசாசுன்னு..."

டொக்.

ஓட்டுநர் பக்கக் கைப்பிடி மேலே எழும்பி விழுந்தது. அங்கே யாரும் இல்லை. டொக்... டொக். யாரோ திறக்கப் பார்த்துத் திறக்க முடியாமல் விடுகிற மாதிரி. அதற்குக் கீழே மண் நனைந்துகொண்டே வந்தது.

"அவரால உள்ள போக முடியல" என்று அண்ணி அழுதாள். "திரும்பச் சேர்த்து விடுங்க தம்பி. உங்க அண்ணன்தானே..."

புத்தி உள்ளவன் அப்போதே ஓடியிருப்பான். இவர் காரைத் திறந்து, சாவியை அண்ணியின் கையில் போட்டுவிட்டு, கால் மேல் கால் போடாத குறையாக ஓட்டுநர் சீட்டில் போய் உட்கார்ந்தார். சாவி சேர்க்கும் பக்கத்துக்கு ஸ்கேனரைக் கொண்டுவந்து, திரையை அண்ணி பக்கம் திருப்பிக் காட்டினார். 'புதிய சாவியை ஸ்டார்ட் பொத்தான் மேல் வைக்கவும்.'

"பார்த்தீங்களா? அழிக்கிறதுக்குச் சாவி வேண்டாம். சேர்க்கிறதுக்கு வேணும். அண்ணனை வரச் சொல்லுங்க. அவர் கையாலேயே கொண்டுவந்து வைக்கட்டும், சேர்த்துத் தரேன்."

கதவு சாத்திக்கொண்டது. யாரும் தொடவில்லை.

ஸ்டார்ட் பொத்தான் மேல் தண்ணீர் சொட்டியது. ஒரு சொட்டு... இன்னொரு சொட்டு...

பீப்.

மூன்று சாவிகள் என்றது திரை. சடக்... நாலு கதவும் பூட்டின. அவர் உட்கார்ந்திருந்த சீட்டு தானாகப் பின்னால் நகர ஆரம்பித்தது. உள்ளே வருகிற சாவி யாருடையதோ, அவர் உயரத்துக்குச் சீட்டை வைத்துக்கொள்கிற கார் அது. சென்சார் குள்ளம். அண்ணன் நல்ல நெட்டை.

"அண்ணி! கதவைத் திறங்க அண்ணி!" கண்ணாடியில் அறைந்தார். என் சிநேகிதன் மாற்றுச் சாவியோடு ஓடி வந்து அதிலிருக்கும் பொத்தானை அழுத்து அழுத்து என்று அழுத்தினான். கதவு திறக்கவில்லை.

அண்ணி அவசரப்படவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜன்னலோரம் வந்தாள். குனிந்து சென்சாரின் முகத்தையே பார்த்தாள்.

"என்னங்க, வந்துட்டீங்களா?" என்று கேட்டாள்.

கத்தல் நின்றது. சென்சார் மெதுவாக ஆமென்று தலையாட்டினார்.