கடைசி ஆளின் கூவல்

மலைக்குப் போகிறவர்களுக்குப் புட்டு கட்டிக் கொடுக்கக் கூடாது சார். ருசியாகத்தான் இருக்கும், ஆனால் பாதி ஏற்றத்தில் தொண்டையை அடைக்கும், கையிலிருக்கிற தண்ணீரையெல்லாம் குடிக்க வைத்துவிடும். அவித்த மரச்சீனிக்கிழங்கும் தொட்டுக்கொள்ள உள்ளிச் சம்மந்தியும்தான் நல்லது. வாழையிலையில் பொதிந்துகொண்டால் வனவிலங்குச் சரணாலயத்துக்குள் குப்பையும் விழாது. எங்கள் சபை வாலிபர்களுக்கு இதெல்லாம் நான் சொல்லிக் கொடுத்தது. வருஷா வருஷம் மழை ஓய்ந்து, கிறிஸ்துமஸ் கழிந்ததும் அவர்களைத் தொப்பிமலைக்குக் கூட்டிப் போகிறவன் நான்தான்.

கீரிப்பாறை ரப்பர் தோட்டத்தில் சூப்பர்வைசராக இருந்தே தலை நரைத்தவன். ஏற்பாட்டில் யாரும் ஒரு குறை சொன்னதில்லை. வனத்துறையில் அனுமதி வாங்குவது, அட்டைக்கு உப்பு, கால் சுளுக்கினால் கட்டத் துணி, எல்லாம் நானேதான் பார்ப்பேன். சுந்தர்சிங் அண்ணாச்சி இருந்தால் பயமில்லை என்று பெற்றவர்கள் பிள்ளைகளை அனுப்பி வைப்பார்கள்.

மலையில் பெயர் சொல்லி அழைத்தால் எடுபடாது, காற்றில் சிதறிப் போகும். அதனால் தோட்டத்துப் பழக்கத்தையே மலைக்கும் கொண்டுபோனேன். விடியுமுன் பால்வெட்டப் போகிறவர்கள் ரப்பர் மரங்களுக்கிடையே தனித்தனியாகப் பிரிந்துவிடுவார்கள். ஆனை நடமாடும் இடம். ஒருத்தர் கூவினால் அடுத்தவர் கூவ வேண்டும், பதில் வந்தால் ஆள் பத்திரம். மலையில் முன்னால் போகும் வனத்துறை வாச்சர் தாணுலிங்கம் கூவுவார், கடைசி ஆள் பதில் கூவுவான். எனக்குப் பின்னால் யாரும் இல்லை, எல்லாரும் முன்னால் வந்துவிட்டார்கள் என்று அதற்கு அர்த்தம். கடைசி ஆள் எப்போதும் நான். என் கூவலை நம்பித்தான் கூட்டம் நகரும்.

என் தம்பி ஆன்ஸ்லினுக்குச் சின்ன வயசிலிருந்தே வலிப்பு. அம்மா சாகும்போது அவன் கையை எடுத்து என் கையில் வைத்துவிட்டுப் போனாள். எனக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. அவன் கெட்டவன் என்று நான் சொல்லவே மாட்டேன். குடியில்லை, வம்பில்லை, கோயிலில் நன்றாகப் பாடுவான். எந்த வேலையிலும் நிலைக்க முடியவில்லை, பெண்ணும் யாரும் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். சந்தையில் விழுந்தான் என்றால் நான் ஓட வேண்டும், பஸ்ஸில் விழுந்தான் என்றால் நான் ஓட வேண்டும். வாயைத் துடைத்து, நனைந்த துணியை மாற்றி, தெளியும்வரை பக்கத்தில் இருக்க வேண்டும்.

தெளிந்ததும் அவன் முதலில் கேட்பது ஒன்றே ஒன்றுதான். "அண்ணே, நான் ஆரையும் சங்கடப்படுத்திட்டேனா?"

இல்லை என்று சொல்ல வேண்டும். சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டும். எத்தனை வருஷம் சொல்லுவான் ஒருத்தன்? வலிப்பைக்கூடச் சகித்துக்கொண்டேன். அந்த ஒரு பதில்தான் என்னைத் தேய்த்துவிட்டது.

ஊரில் என்னைப் பொறுமைசாலி என்பார்கள். போதகர் பிரசங்கத்திலேயே ஒரு தடவை சொல்லியிருக்கிறார். அப்போது என் மனைவி ஜெபகனி தலையைக் குனிந்துகொண்டாள். அவனுக்குச் சோறு போட்டது, மாத்திரை எடுத்துக் கொடுத்தது, துணி துவைத்தது எல்லாம் அவள். அவள் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. ஆனாலும் அவளுக்கும் களைப்பு இருந்திருக்கும் என்றுதான் நான் நினைத்தேன். வாய்விட்டுச் சொல்லத் தெரியாதவள், பாவம்.

மலைக்கு வருகிறேன் என்று அவன் வருஷந்தோறும் கேட்பான், நான் வேண்டாம் என்பேன். இந்த வருஷம் வா என்றேன். குழித்துறைக்குப் போய்ப் புதுக் கேன்வாஸ் ஷூ வாங்கி வந்து, அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடந்து பார்த்தான். ஜெபகனிக்குத்தான் மனசே இல்லை.

"அவனுக்கு ஏற்றம் ஆவாதுல்லா? வெயில் கொண்டாலே விழுவான். எதுக்கு இப்பம் கூட்டிட்டுப் போறிய?" என்றாள்.

"நான் இல்லியா கூட?" என்றேன்.

அவள் மாத்திரையைத் தாளில் மடித்து என் கையில் தந்தாள். நான் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அதை அவனுக்கு எடுத்துக் கொடுக்கவில்லை. மாத்திரை போட்டால் தூக்கம் வரும், ஏற்றத்தில் தூக்கம் ஆபத்து என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன்.

அவனுக்கு எதெல்லாம் ஆகாது என்று எனக்குத் தெரியும். தூக்கம் கெடக் கூடாது, பசி கூடாது, வெயில் கூடாது. விடியுமுன்னே வண்டி கிளம்பும் என்று நான் வைத்ததை யாரும் ஏனென்று கேட்கவில்லை. மலைக்குப் போகிறவர்கள் அப்படித்தானே கிளம்புவார்கள். மேலே போய்த்தான் சாப்பாடு என்றேன், அதையும் கேட்கவில்லை. வெட்டவெளி ஏற்றம் முடிந்ததும் மூங்கில் காட்டு வழியாகப் போகலாம், நிழல் உண்டு என்றபோது தாணுலிங்கமே நல்லது என்றார். மூங்கில் காட்டில் முன்னால் போகிறவரின் முதுகு தெரியாது. இதுவும் ஏற்பாட்டில் சேர்ந்ததுதான்.

அவன் எனக்கு ஒரு அடி முன்னால் பாடிக்கொண்டே வந்தான். மற்றவர்கள் மேலே ஏறி மறைந்துவிட்டார்கள். ஓடைக்கரையில் முகம் கழுவ உட்கார்ந்தான். நிமிர்ந்தபோது எதையோ மெல்லுவதுபோல் வாய் அசைந்தது, விரல்கள் சட்டைப் பொத்தானைத் திருக ஆரம்பித்தன. வலிப்பு வருமுன் அவனுக்கு அப்படித்தான். அதைக் கண்டதும் தாங்கிப் படுக்க வைக்க வேண்டும். அந்த நேரத்தில் மேலேயிருந்து தாணுலிங்கத்தின் கூவல் வந்தது.

நான் பதில் கூவினேன்.

கூவிவிட்டு ஓடையைத் தாண்டி நடந்தேன். அவனைத் தள்ளவில்லை சார், கையால் தொடக்கூட இல்லை. அது ஒன்றைத்தான் செய்யவில்லை. மலையில் நடக்கும்போது நெஞ்சு லேசாக இருப்பது என்றால் என்னவென்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

கொஞ்சம் மேலே போனதும் கீழேயிருந்து ஒரு கூவல் கேட்டது. அதற்குள் நான் எட்டிப் பிடித்திருந்த வாலிபன் ஸ்டெனி நின்றுவிட்டான்.

"மாமா, கீழ ஆரோ கூவுத மாதிரி இருக்கு."

"கருமந்திக் குரங்கு, மக்கா. நட."

நடந்தான். நான் சொன்னால் நம்புகிற பிள்ளை. தம்பி தெளிந்து எழுந்துவிட்டான் என்று எனக்குத் தெரிந்தது. தெளிந்தாலும் கொஞ்ச நேரத்துக்கு அவனுக்குத் திசை பிடிபடாது. தாணுலிங்கம் கூவும்போதெல்லாம் நான் பதில் கூவினேன், கூவாவிட்டால் கூட்டம் நின்றுவிடுமே. என் குரலைக் கேட்டுக் கீழேயிருந்து அவனும் கூவினான். மலையில் கூவல் எதிர்ப்பாறையில் தட்டித் திரும்பும், ஆள் அந்தப் பக்கம் இருக்கிற மாதிரி கேட்கும். அதனால் கூவலைத் தேடிப் போகாதீர்கள், நின்ற இடத்திலேயே நில்லுங்கள் என்று வாலிபர்களுக்கு முன்னமே சொல்லிக் கொடுத்திருந்தேன். அவனுக்குச் சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் அவன் கூவல் இன்னும் கொஞ்சம் தள்ளிப்போய்க் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

உச்சியில் அவனைத் தேடினார்கள். மூச்சு வாங்குகிறது என்று வண்டிக்கே திரும்பிவிட்டான் என்றேன். தனியாக விட்டது தப்பு அண்ணாச்சி என்று தாணுலிங்கம் கோபப்பட்டார். நான் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டேன். பிறகு எல்லாரும் கிழங்கு தின்றோம். எனக்கு நல்ல பசி.

இறங்கி வந்தபோது வண்டியில் அவன் இல்லை. மறுநாள் எதிர்ப்பாறையின் அடியில் அவன் உடலைக் கண்டெடுத்தார்கள். ஏறப் பார்த்து வழுக்கியிருக்கிறான் என்றார்கள். ஊரே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதது. தகப்பன் மாதிரி பார்த்தானே என்றார்கள். எனக்கும் அழுகை வந்தது, அது பொய்யில்லை.

கடைசி ஆள் கூவினாரே, அப்புறம் எப்படி ஒருத்தர் பின்னால் விட்டுப்போனார் என்று தாணுலிங்கம் ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் கேட்டாராம். சரியான கேள்வி. நீங்கள் வந்து கேட்டீர்கள், நான் சொல்லிவிட்டேன். மறைப்பதற்கும் தெம்பு வேண்டும் சார். அவன் பின்னால் இருக்கிறான் என்று தெரிந்தேதான் கூவினேன், சாகட்டும் என்றுதான் கூவினேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அதை ஒரு வன்மத்தில் செய்ததாக எழுத வேண்டாம். வீட்டில் எல்லாருக்கும் ஒரு ஓய்வு கிடைக்கட்டும் என்றுதான் செய்தேன்.

கொஞ்சம் சீக்கிரம் விட்டால் நல்லது. ஜெபகனி வீட்டில் தனியாக இருக்கிறாள். என் சட்டையைத் துவைக்க எடுத்தவள் பையிலிருந்த மாத்திரையைப் பார்த்துவிட்டாள். அன்றையிலிருந்து ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஊட்டினால்தான் சாப்பிடுகிறாள், எழுப்பினால்தான் எழுந்திருக்கிறாள், முகத்தைக்கூட நான்தான் துடைத்துவிட வேண்டியிருக்கிறது. நானும் எவ்வளவுதான் பார்ப்பேன்? காற்று மாறினால் நல்லது என்று டாக்டர் சொல்கிறார். அவ்வளவு ஏற்றமில்லாத ஒரு பாதை யோசித்து வைத்திருக்கிறேன். அவள் மெதுவாக எனக்கு முன்னால் நடக்கட்டும்.